கம்யூனிட்டி காலேஜில் பாடம் நடத்த எந்த மாஸ்டர்ஸ் செல்லும்? கலிபோர்னியாவுக்கு ஒரு வழிகாட்டி

கம்யூனிட்டி காலேஜில் (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புகள் தரும் பொதுக் கல்லூரி) பாடம் நடத்த பி.எச்.டி. வேண்டியதில்லை, மாஸ்டர்ஸ் போதும். இது உண்மைதான். ஆனால் இதை மட்டும் கேட்டுக்கொண்டு கைக்குக் கிடைத்த மாஸ்டர்ஸில் சேர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு வருடமும் பணமும் செலவான பிறகு, "உங்கள் பட்டம் இந்தப் பாடத்துக்குப் பொருந்தவில்லை" என்று ஒரு வரியில் மின்னஞ்சல் வரும். நன்றாகப் பாடம் நடத்தக்கூடியவர்கள் இப்படி வாசலிலேயே நின்றுபோவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

கிரீன் கார்டு வந்தபின் ஐ.டி. வேலையிலிருந்து மாற நினைப்பவர்கள், எச்-4 இ.ஏ.டி. (எச்-1பி விசாக்காரரின் துணைக்கான வேலை அனுமதி) வைத்திருப்பவர்கள், ஊரில் கல்லூரி விரிவுரையாளராக இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. கலிபோர்னியா விதிகளையே விரிவாகச் சொல்கிறேன். மற்ற மாநிலங்களுக்கு 7-ஆம் படியைப் பாருங்கள்.

1. பாடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், பட்டத்தை அப்புறம்

கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள், 73 டிஸ்ட்ரிக்டுகளாக (தனித்தனி நிர்வாக வட்டாரங்களாக) பிரிந்து இயங்குகின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாக மாநில சான்சலர் அலுவலகம் ஆசிரியர்களுக்கான குறைந்தபட்சத் தகுதிக் கையேட்டை வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால் கடைசிப் பதிப்பை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

கையேட்டில் பாடங்களை "டிசிப்ளின்" என்று பிரித்திருப்பார்கள். மாஸ்டர்ஸ் கட்டாயமான டிசிப்ளின்கள் ஒரு பட்டியல், மாஸ்டர்ஸ் கட்டாயமில்லாத தொழில்சார் டிசிப்ளின்கள் இன்னொன்று. தகுதி என்பது டிசிப்ளினுக்குத்தான், தனித்தனி வகுப்புக்கு அல்ல. கணிதத்தில் தகுதி பெற்றவர் அந்த டிசிப்ளினில் வரும் எந்த வகுப்பையும் எடுக்கலாம். "நான் பைத்தான் நன்றாக நடத்துவேன்" என்பதை இந்தக் கட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். டிரான்ஸ்கிரிப்டில் (பல்கலைக்கழகம் தரும் அதிகாரப்பூர்வ மதிப்பெண் பதிவில்) பட்டத்தின் பெயர் என்ன என்பதுதான் முதல் கேள்வி.

பள்ளி ஆசிரியர்களுக்கான கிரெடென்ஷியல் (உரிமம்) இங்கே தேவையில்லை. நம் ஊர் பி.எட்., எம்.எட். இருந்தாலும் அதை வைத்துக் கணிதமோ இயற்பியலோ நடத்த முடியாது.

2. உங்கள் பட்டங்களைக் கையேட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு டிசிப்ளினுக்கும் பொதுவாக மூன்று வழிகள் இருக்கும். அதே பாடத்தில் மாஸ்டர்ஸ். அதே பாடத்தில் பேச்சிலர்ஸும் கையேடு பெயர் சொல்லும் ஒரு பக்கத்துப் பாடத்தில் மாஸ்டர்ஸும். அல்லது இவற்றுக்கு ஈடானது. இரண்டாவது வழியைப் பலர் வாசிப்பதே இல்லை. நம்மவர்களுக்குப் பெரிய கதவு அதில்தான் திறக்கிறது.

கம்ப்யூட்டர் சயின்ஸை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் இருந்தால் நேரடித் தகுதி. இப்போது ஈ.சி.இ.-யில் (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) பி.இ. முடித்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதன்மேல் எம்.பி.ஏ. செய்தவர். இன்னொருவர் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.எஸ். செய்துவிட்டுப் பத்து வருடம் மென்பொருள் எழுதியவர். கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தக் கையேட்டின்படி நேரடியாகத் தகுதி பெறுபவர் எம்.பி.ஏ.காரர்தான். இன்ஜினியரிங் பேச்சிலர்ஸோடு பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் மாஸ்டர்ஸ் என்று ஒரு வரி அதில் இருக்கிறது. இன்ஜினியரிங் பேச்சிலர்ஸோடு இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் என்று இல்லை. அந்த எம்.எஸ்.காரர் இன்ஜினியரிங் டிசிப்ளினுக்குத் தகுதியானவர், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஈக்விவலன்சி (படித்தது ஈடானது என்ற ஏற்பு; 4-ஆம் படியைப் பாருங்கள்) கேட்டுத்தான் வரவேண்டும். அதே எம்.எஸ்.ஸை பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸின் மேல் செய்திருந்தால் சிக்கலே இல்லை. நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை. பட்டியல் அப்படித்தான் இருக்கிறது.

கணிதத்துக்கு, கணிதம் அல்லது அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ் மாஸ்டர்ஸ். பேச்சிலர்ஸ் கணிதமாக இருந்தால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இயற்பியல், கணிதக் கல்வி ஆகியவற்றில் மாஸ்டர்ஸும் செல்லும். பி.இ. படித்துவிட்டுக் கணிதக் கல்வியில் மாஸ்டர்ஸ் சேர்வதுதான் இங்கே அதிகம் பேர் விழும் குழி. அடியில் கணித பேச்சிலர்ஸ் இல்லாததால் அது கணக்கில் வராது. இன்னொன்றும் கவனியுங்கள்: 2017-இல் வந்த ஏ.பி. 705, 2022-இல் வந்த ஏ.பி. 1705 சட்டங்களுக்குப் பிறகு அடிப்படை இயற்கணித வகுப்புகள் பெரும்பாலும் போய்விட்டன. ஸ்டாட்டிஸ்டிக்ஸும் கால்குலஸும்தான் நிற்கின்றன. மாஸ்டர்ஸில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாள்கள் குறைந்தது இரண்டு எடுத்துவையுங்கள்.

இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்து இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் செய்தவர்கள் இயற்பியல் நடத்தலாம். உயிரியலுக்கு எந்த உயிரியல் பிரிவிலும் மாஸ்டர்ஸ் போதும். மைக்ரோபயாலஜி, பாட்டனி, சுவாலஜி படித்து வந்தவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. அக்கவுன்டிங் பேச்சிலர்ஸோடு சி.பி.ஏ. (சான்றுபெற்ற பொதுக் கணக்காளர்) உரிமம் இருந்தால் மாஸ்டர்ஸ் இல்லாமலே அக்கவுன்டிங் நடத்தலாம். இங்கே சொல்வது அமெரிக்க சி.பி.ஏ.; இந்திய சி.ஏ. அந்த வரியில் சேராது.

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கிலீஷ் டிசிப்ளின் நேரடியாகத் திறக்கும். இ.எஸ்.எல். (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) தனி டிசிப்ளின். அதற்கு நேரடி வழி, டீசாலிலோ (பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறை), டீசால் அழுத்தமுள்ள மொழியியலிலோ மாஸ்டர்ஸ். வெறும் டீசால் சான்றிதழ் தனியாக நின்றால் போதாது. எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்கும் கையேட்டில் இடம் உண்டு, மொழிகளுக்கான டிசிப்ளினில் நடத்தப்படும் மொழியிலேயே மாஸ்டர்ஸ் என்றுதான் விதி. ஆனால் தமிழ் வகுப்பு வைத்திருக்கும் கம்யூனிட்டி காலேஜைத் தேடிப் பிடிப்பது கடினம். அதை நம்பி இறங்காதீர்கள்.

டேட்டா சயின்ஸ், பிசினஸ் அனலிடிக்ஸ், இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் போன்ற புதுப் பெயர் கொண்ட பட்டங்களில் மிகுந்த கவனம் தேவை. படிப்பு நல்லதாக இருக்கலாம், ஆனால் அந்தப் பெயர் கையேட்டில் இல்லையென்றால் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் வாதாட வேண்டிவரும். சேர்வதற்கு முன், பட்டச் சான்றிதழில் அச்சாகும் பெயர் என்ன என்று பல்கலைக்கழகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

3. இந்தியப் பட்டங்களை மதிப்பிட வையுங்கள்

இது இல்லாமல் விண்ணப்பம் நகராது. புதிதாக அமெரிக்க மாஸ்டர்ஸ் படிக்கப்போகிறவர்களும் இதைச் செய்யவேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன "பேச்சிலர்ஸோடு மாஸ்டர்ஸ்" வழிக்கு ஊரில் வாங்கிய பேச்சிலர்ஸும் கணக்கில் வரவேண்டும்.

வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உறுப்பினராக உள்ள நிறுவனத்தின் மதிப்பீட்டையே பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகள் ஏற்கும். டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. இரண்டும் நம்மவர்கள் அதிகம் போகுமிடம். "கோர்ஸ் பை கோர்ஸ்" அறிக்கையை வாங்குங்கள். பட்டத்தை மட்டும் சொல்லும் மலிவான அறிக்கையை வாங்கிவிட்டு மறுபடியும் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. அறிக்கைக்கு ஏறக்குறைய 200 டாலர் ஆகும். ஊரிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வரவழைக்கும் கட்டணமும் கூரியரும் தனி.

கையில் இருக்கவேண்டியவை:

• கான்வகேஷன் பட்டச் சான்றிதழ். புரொவிஷனல் மட்டும் வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டியவர்கள் இப்போதே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள். மாதக்கணக்கில் ஆகக்கூடிய வேலை இது.
• எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும். கன்சாலிடேட்டட் ஒன்று மட்டும் இருந்தால் போதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.
• பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட். நீங்கள் உறையைப் பிரித்தால் செல்லாது.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு முடிச்சு உண்டு. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், மதிப்பெண் வைத்திருப்பதோ கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். டிரான்ஸ்கிரிப்ட் யாரிடமிருந்து வந்தால் ஏற்பார்கள் என்று மதிப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டபிறகே கல்லூரிக்கு ஆளை அனுப்புங்கள். பெயர் விஷயத்தையும் பாருங்கள். மார்க் ஷீட்டில் "எஸ். கவிதா" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ விரிவாக இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்குத் திருமணச் சான்றிதழோ உறுதிமொழிப் பத்திரமோ தயாராக இருக்கட்டும்.

மூன்று வருட பி.எஸ்ஸி., பி.காம்., பி.சி.ஏ. பட்டங்களை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி மதிப்பிடுவதில்லை. நாக் (இந்தியக் கல்லூரிகளுக்குத் தரம் தரும் அமைப்பு) அங்கீகாரத்தின் தரத்தைப் பார்த்து முழு பேச்சிலர்ஸ் என்று தரும் நிறுவனமும் உண்டு, மூன்று வருட இளநிலைப் படிப்பு என்று மட்டும் எழுதும் நிறுவனமும் உண்டு. 3+2 எம்.எஸ்ஸி.க்கும் இதே வேறுபாடு வரலாம். பணம் கட்டும் முன் உங்கள் பட்டம், வருடம், பல்கலைக்கழகம் மூன்றையும் எழுதிக் கேளுங்கள். டிஸ்ட்ரிக்டின் மனிதவளப் பிரிவிடமும் எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

தொடக்கத்திலிருந்து அறிக்கை கைக்கு வர மூன்று மாதம் ஒதுக்குங்கள். தாமதம் பெரும்பாலும் ஊர்ப் பக்கத்தில்தான்.

4. ஈக்விவலன்சி: நம்பலாம், ஆனால் அதையே நம்பியிருக்கக் கூடாது

பட்டத்தின் பெயர் பொருந்தாவிட்டாலும், படித்தது ஈடானது என்று நிரூபிக்க வழி உண்டு. முடிவெடுப்பது அந்தந்த டிஸ்ட்ரிக்டின் ஆசிரியர் குழு. ஒரு டிஸ்ட்ரிக்ட் கொடுத்த ஈக்விவலன்சி பக்கத்து டிஸ்ட்ரிக்டைக் கட்டுப்படுத்தாது. விரிகுடாப் பகுதியில் மூன்று டிஸ்ட்ரிக்டுகளுக்கு விண்ணப்பித்தால் மூன்று இடத்திலும் முதலிலிருந்து கேட்கவேண்டும்.

எம்.சி.ஏ. படித்தவர்கள் இந்த வழியில்தான் பெரும்பாலும் வருகிறார்கள், பட்டத்தில் "கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்" என்று இருப்பதால். படிவத்தில் "எனக்கு 12 வருட அனுபவம்" என்று எழுதுவது உதவாது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் பாடங்களை எழுதுங்கள், வலது பக்கம் நீங்கள் படித்த தாளின் பெயர், குறியீடு, கிரெடிட். கம்பைலர் டிசைன், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸ் என்று ஒவ்வொன்றும் எதிரெதிரே வரட்டும். பாடத்திட்டத்தின் நகலையும் இணையுங்கள். குழுவில் இருப்பவர்கள் அந்தத் துறை ஆசிரியர்கள்; இந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள்.

விண்ணப்பத்தில் "குறைந்தபட்சத் தகுதி உண்டா" என்ற கேள்விக்கு "ஈக்விவலன்சி கேட்கிறேன்" என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் "உண்டு" என்று குறித்துவிட்டால், பலமுறை அந்தப் படிவம் குழுவுக்கே போகாமல் நின்றுவிடும்.

5. புதிதாக மாஸ்டர்ஸ் சேர்வதென்றால்

அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கவேண்டும். ஆன்லைனில் படித்ததா, நேரில் படித்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தீசிஸ் எழுதினீர்களா என்பதும் தகுதிக்குத் தேவையில்லை. புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்காக 60,000 டாலர் கடன் வாங்குவதில் இந்த வேலையைப் பொறுத்தவரை ஒரு பயனும் இல்லை. சம்பளப் பட்டியல் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதில்லை.

குறைந்த செலவில் இரண்டு வழிகள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஜார்ஜியா டெக்கின் ஆன்லைன் மாஸ்டர்ஸ் ஏறக்குறைய 7,000 டாலரிலும், டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினின் ஆன்லைன் மாஸ்டர்ஸ் ஏறக்குறைய 10,000 டாலரிலும் முடியும். மற்ற பாடங்களுக்குக் கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்கள். அங்கே கட்டணம் இரண்டு படிகளில் இருக்கும்: செமஸ்டருக்கு 6 யூனிட் (பாடங்களின் கிரெடிட் கணக்கு) வரை ஒரு தொகை, அதற்கு மேல் இன்னொரு தொகை. 7 யூனிட் எடுத்தால் மேல் படிக்குப் போய்விடும். வேலையோடு படிப்பவர்கள் 6 யூனிட்டிலேயே நின்றால், 30 யூனிட் படிப்பை 5 செமஸ்டரில் முடிக்கலாம்.

மாநிலத்தவர் என்ற தகுதி இல்லையென்றால் யூனிட்டுக்கு 400 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டவேண்டிவரும். 30 யூனிட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். எச்-4-இல் இருப்பவர்களும் கலிபோர்னியாவில் ஒரு வருடம் வாழ்ந்து, இங்கேயே இருக்கும் நோக்கத்தைக் காட்டினால் மாநிலத்தவர் கட்டணம் கேட்கலாம். எஃப்-1 மாணவர் விசாவுக்கு அது கிடையாது. வருடம் எண்ணப்படுவது ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து பின்னோக்கி: ஃபால் செமஸ்டருக்கு செப்டம்பர் 20, ஸ்பிரிங்குக்கு ஜனவரி 25. வாடகை ஒப்பந்தம், மாநில வருமானவரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் மூன்றும் அந்தத் தேதிக்கு ஒரு வருடம் முந்தையதாக இருக்கட்டும். நீங்களாகக் கேட்காமல் இந்தச் சலுகை தானாக வராது.

பி.எச்.டி. பற்றி: சம்பளப் பட்டியலில் மாஸ்டர்ஸ், மாஸ்டர்ஸோடு 15 யூனிட், 30, 45, 60 என்று சம்பளம் ஏறும் பத்திகள் இருக்கும். முனைவர் பட்டம் ஒரு பத்தியோ, வருடத்துக்கு ஒரு சிறு தொகையோ கூட்டும். அதற்காக மட்டும் ஐந்தாறு வருடம் செலவழிக்க வேண்டாம். மாஸ்டர்ஸ் முடிந்தபின் கூடுதலாக எடுக்கும் யூனிட்கள் பத்தி உயர உதவும். மாஸ்டர்ஸ் கைக்கு வரும் தேதிக்கு முன் எடுத்தவை பொதுவாக எண்ணப்படா.

6. மாஸ்டர்ஸ் வேண்டாத பாடங்கள்

நெட்வொர்க், அலுவலக மென்பொருள் போன்ற கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் வகுப்புகள், ஆட்டோமோட்டிவ், சமையற்கலை முதலான தொழில்சார் டிசிப்ளின்களில், பேச்சிலர்ஸோடு 2 வருடமோ, அசோசியேட் பட்டத்தோடு (இரண்டு வருடப் பட்டம்) 6 வருடமோ அந்தத் தொழிலில் அனுபவம் இருந்தால் போதும். மாஸ்டர்ஸுக்குச் செலவழிக்கும் முன் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இங்கே தடுக்குவது அனுபவக் கடிதம். நம் ஊர் நிறுவனங்களின் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர் மட்டும் இருக்கும். டிஸ்ட்ரிக்டுக்கு வேண்டியது, முழுநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி, என்ன வேலை செய்தீர்கள் என்பது. நிறுவனம் மூடியிருந்தால் பழைய மேலாளரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கி, சம்பளச் சீட்டையோ ஃபார்ம் 16-ஐயோ இணைத்து, ஏற்பார்களா என்று கேளுங்கள்.

7. வேறு மாநிலமானால்

டெக்சாஸ், ஜார்ஜியா, வடக்கு கரோலினா போன்ற தெற்கு மாநிலங்களில், நடத்தும் பாடத்தில் மாஸ்டர்ஸ், அல்லது ஏதோ ஒரு மாஸ்டர்ஸோடு அந்தப் பாடத்தில் 18 கிராஜுவேட் செமஸ்டர் கிரெடிட் என்பதுதான் கல்லூரிகள் பின்பற்றும் அளவுகோல். மத்திய மேற்கிலும் பல கல்லூரிகள் இதே 18-ஐப் பார்க்கின்றன. எம்.பி.ஏ. கையில் இருப்பவர் ஆறு கணிதத் தாள்கள் எடுத்தால் டாலஸில் கணிதம் நடத்தலாம். அதே ஆள் சாக்ரமென்டோவில் முடியாது. வேலை மாற்றத்தில் மாநிலம் மாறக்கூடிய குடும்பம் என்றால், இரண்டு இடத்திலும் செல்லுபடியாகும் ஒரே பாட மாஸ்டர்ஸைப் பிடியுங்கள்.

8. விசா

கிரீன் கார்டு, குடியுரிமை, செல்லத்தக்க இ.ஏ.டி. உள்ளவர்களுக்குத் தடை இல்லை. எச்-1பி-யில் இருப்பவர் மாலையில் ஒரு வகுப்பு எடுப்பதற்கும் கல்லூரி தனியாக மனு போடவேண்டும். ஒரு வகுப்புக்காக அதைச் செய்ய முன்வரும் கல்லூரி அரிது. "சும்மா சொல்லிக்கொடுப்போம், சம்பளம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இறங்கிவிடாதீர்கள், அந்தஸ்துக்கே ஆபத்து. இ.ஏ.டி. காலாவதியாகும் தேதி செமஸ்டரின் நடுவில் விழுந்தால் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டதால் வேலை உரிமை தானாக நீளும் என்று எண்ணவேண்டாம்.

9. எப்போது, எப்படி விண்ணப்பிப்பது

முழுநேரப் பணிகளுக்கான விளம்பரங்கள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரை, அடுத்த ஆகஸ்டில் சேர்வதற்கு. பகுதிநேரப் பட்டியல் வருடம் முழுக்கத் திறந்திருக்கும், ஆனால் வகுப்பு ஒதுக்கும் துறைத் தலைவர் அதைத் தினமும் பார்ப்பதில்லை. விண்ணப்பித்த பிறகு, என்னென்ன வகுப்பு எந்த நேரத்தில் எடுக்க முடியும் என்று அவருக்கு நான்கு வரி எழுதுங்கள். மாலை, சனிக்கிழமை முடியும் என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள். மாநிலம் முழுவதற்குமான வேலைப் பட்டியல் சி.சி.சி. ரெஜிஸ்ட்ரியில் இருக்கும்.

அனேகமாக எல்லோரும் பகுதிநேரத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒரே டிஸ்ட்ரிக்டில் பகுதிநேர ஆசிரியர் முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. முழுப்பளு 15 யூனிட் என்றால் 10 யூனிட்வரை. 5 யூனிட் கால்குலஸ் இரண்டு எடுக்கலாம்; 4 யூனிட் வகுப்பு மூன்று எடுக்க முடியாது. அதனால்தான் பலர் இரண்டு மூன்று டிஸ்ட்ரிக்டுகளுக்கு இடையே காரில் ஓடுகிறார்கள். மாணவர் போதாமல் வகுப்பு ரத்தானாலோ, முழுநேர ஆசிரியருக்குப் பளு குறைந்து உங்கள் வகுப்பு அவருக்குப் போனாலோ வருமானம் அந்த செமஸ்டருக்கு நின்றுவிடும். இருக்கும் வேலையை முதல் வருடமே விடாதீர்கள்.

மாஸ்டர்ஸ் இன்னும் முடிக்காதவர்கள் ஃபேகல்டி இன்டர்ன்ஷிப்பைத் தேடுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்ட்ரிக்டின் ப்ராஜெக்ட் மேட்ச் அப்படி ஒன்று. அனுபவமில்லை என்ற குறை அதில் தீரும்.

நேர்முகத்தில் பத்து, இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொல்வார்கள். நம்மவர்கள் பலர் இதில் கரும்பலகையை நிரப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் முடிக்கிறார்கள். ஒரே ஒரு கருத்தை எடுத்து, எதிரில் இருக்கும் குழுவை மாணவர்களாக வைத்துக் கேள்வி கேட்டு, அவர்கள் தவறாகச் சொன்னால் எப்படித் திருத்துவீர்கள் என்று காட்டுங்கள். முழு அத்தியாயத்தையும் முடிக்கும்படி யாரும் கேட்கவில்லை.

10. சேரும் முன் தரவேண்டியவை

பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக வரும் டிரான்ஸ்கிரிப்டுகள், மூலப் பிரதியாக மதிப்பீட்டு அறிக்கை, வேலை உரிமைத் தாள், லைவ் ஸ்கேன் கைரேகை, காசநோய்ச் சான்று. சிறுவயதில் பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களுக்குத் தோல் பரிசோதனையில் பொய்யாகப் பாசிட்டிவ் வரலாம். அது வந்தால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும், ஒரு வாரம் போய்விடும். மருத்துவரிடம் முதலிலேயே ரத்தப் பரிசோதனையாகக் கேளுங்கள். சம்பளப் பட்டியலில் எந்த வரியில் வைப்பது என்பதையும் இந்தச் சமயத்தில்தான் முடிவு செய்வார்கள். முன் அனுபவக் கடிதங்களையும் கூடுதல் யூனிட்களையும் அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள், தாமதமாகக் கொடுத்தவற்றைப் பல டிஸ்ட்ரிக்டுகள் அடுத்த வருடத்திலிருந்துதான் சேர்க்கும்.